யார் பிடித்த பிரேக்

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் பெடல்கள் இரண்டு இடத்தில் இருக்கும். கற்பவரின் காலடியில் ஒரு வரிசை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் கிளட்சும் பிரேக்குமாக இன்னொன்று. இரண்டையும் கீழே ஓர் இரும்புக் கம்பி இணைத்திருக்கும். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கமும் இறங்கும்; அந்தப் பக்கம் அமுக்கினால் இந்தப் பக்கமும் இறங்கும். கார் நிற்கும். நிறுத்தியது யார் கால் என்று காருக்குத் தெரியாது.

மாஸ்டரின் பிழைப்பே அந்தக் கம்பியின் மேல்தான் ஓடியது.

மற்ற மாஸ்டர்கள் பிரேக் அடித்தால் கற்பவரின் நெற்றி ஸ்டியரிங்கில் போய் முட்டும். "கண்ணை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா?" என்று அர்ச்சனையும் கூடவே நடக்கும். இவர் அப்படி இல்லை. கற்பவர் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, அமுக்குவதா வேண்டாமா என்று திணறுகிற அந்த ஒரு நொடியில், இந்தப் பக்கத்திலிருந்து பஞ்சை அழுத்துவது போல அழுத்துவார். பெடல் கற்பவரின் காலோடு சேர்ந்து இறங்கும். தானேதான் அமுக்கினோம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"பாத்தீங்களா மாஸ்டர், கரெக்டா நிறுத்திட்டேன்!"

"நிறுத்திட்டீங்களே!" என்பார் இவரும், ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

பயிற்சிக் காரைப் பழுது பார்க்கும் மெக்கானிக்தான் அவருக்குப் 'பூனைக்கால்' என்று பெயர் வைத்தவர். பெயர் அந்த டிரைவிங் பள்ளி முழுக்கப் பரவி, கடைசியில் முதலாளியே, "பூனைக்கால்கிட்ட போடுங்க, அந்தம்மா ரொம்பப் பயப்படுறாங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. பயந்தவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வந்தார்கள். மற்ற மாஸ்டர்களிடம் அழுதுவிட்டு வந்தவர்கள், ஒருமுறை சுவரில் இடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடவே நடுங்கியவர்கள், ஐம்பது வயதில் கணவனை இழந்துவிட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். "தைரியம் முதல்ல வரட்டும். பிரேக் அது பின்னாடியே வந்துடும்" என்பது அவருடைய முறை. நாளாக ஆக அவர் காலின் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். ஒருநாள் கால் பெடலைத் தொடாமல் கீழே கால்மிதியின் மேல் கிடக்கும். அது எந்த நாள் என்று கற்பவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், மாஸ்டருக்கும் தெரியாது.

மனைவிக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நாற்பது தாண்டிய பிறகு ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் எதிரே வந்து உட்கார்ந்தாள். "மாஸ்டர் பொண்டாட்டிக்கு ஓட்டத் தெரியாதான்னு கடையில கேட்டுச் சிரிக்கிறாங்க. எனக்கு மானம் போகுது."

"உனக்கெதுக்கு இந்த வயசுல?"

"டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ. ரோட்டைப் படிக்க மாட்டேனா?"

அதற்குமேல் அவர் என்ன சொல்ல முடியும்? சாயங்காலம் வகுப்புகள் முடிந்து கார் சும்மா நிற்கும் நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஊரார் மனைவிகளிடம் அவ்வளவு பொறுமையாக இருந்த மனிதர், சொந்த மனைவியிடம் இன்னும் அதிகப் பொறுமையாக இருந்தார். அதுதான் பிறகு அவரைத் தின்றது. மற்றவர்களுக்கு ஒரு பங்கு அழுத்தினார் என்றால் அவளுக்கு இரண்டு பங்கு. அவள் முகத்தில் கலவரத்தைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அவள் ஒவ்வொரு முறை சரியாக நிறுத்தும்போதும் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அழுத்தினார் என்றும் சொல்லலாம்.

முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். "உங்கப்பா இத்தனை வருஷமா கத்துக்கொடுத்ததுல முதல் ரேங்க் நான்தான். என் பிரேக்கைப் பாத்து மத்தவங்க கத்துக்கணும்" என்று மகளிடம் பீற்றிக்கொண்டாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

பழைய கார் ஒன்று வாங்கினார்கள். வீட்டிலிருந்து மருந்துக்கடை, கடையிலிருந்து வீடு, மாதத்தில் ஒருமுறை கல்யாணமாகிப் போன மகளின் வீடு. அவள்தான் ஓட்டுவாள், அவர் பக்கத்து சீட். அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்குப் பெடல் கிடையாது. ஆனால் காலுக்கு அது தெரிய வேண்டுமே. எதிரே ஒரு சைக்கிள் வந்தால் போதும், அவருடைய கால் வெறும் தரையை மிதிக்கும்.

"அங்க என்ன, கரப்பான்பூச்சியா மிதிக்கிறீங்க?" என்பாள் அவள்.

"பழக்கம்டி."

"என்மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லுங்களேன்."

"உன்மேல இல்லாம யார்மேல?" என்பார். சொல்லி முடிப்பதற்குள் கால் இன்னொரு முறை மிதித்திருக்கும். அவர் பக்கத்துக் கால்மிதியில் குதிகால் அளவுக்கு ஒரு குழியே விழுந்துவிட்டது.

மகள் வீட்டிலிருந்து திரும்பிவந்த ஒரு மத்தியானம். லேசான தூறல். வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு லாரி, எந்தச் சைகையும் காட்டாமல், அந்தச் சாலையில் தனக்கு மட்டும்தான் வேலை இருக்கிறது என்பது போலத் திரும்பியது. மாஸ்டர் பார்த்தார். அவள் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பார்த்தார் என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். கையை நீட்டி ஹாண்ட் பிரேக்கை இழுத்திருக்கலாம். அவர் கத்தவில்லை. வண்டிக்குள் கத்தக்கூடாது என்பது அவர் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த விதி. வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் அப்போதும் செய்தார். காலை அமுக்கினார்.

தரையை.

அவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கியது. "அவ்வளவு அழுத்தமா ஊன்றியிருந்தீங்க, அதான்" என்றார் எலும்பு டாக்டர். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே இல்லை.

எலும்பு கூடிவிட்டது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "எப்ப வேணா வாங்க மாஸ்டர், உங்க வண்டியை யாருக்கும் குடுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் ஒருமுறை போனார். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். கீழே அந்த இரண்டு பெடல்களைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு. அதுகூட வீடாக இல்லை. குளியலறையில் அவளுடைய சோப்புப் பெட்டி, கதவுக்குப் பின்னால் மருந்துக்கடை கோட்டு, கோட்டுப் பையில் மூடி கடித்த பேனா. படுத்தால் கண்ணை மூடிய மாத்திரத்தில் கால் உதறும், கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் போய் இடிக்கும். பேருந்தில் போனால் முன்சீட்டை உதைப்பார். முன்னால் இருப்பவர் திரும்பி முறைப்பார். அதனால் பேருந்தையும் விட்டார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு சமாதானத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். அவள் கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தாள் என்றார் ஒருவர். இவரை விட்டுவைத்ததற்கு ஒரு காரணம் இருக்கும் என்றார் இன்னொருவர்.

"என்ன காரணம்?" என்று மாஸ்டர் நிஜமாகவே கேட்டார். காபி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு வேறொரு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார்.

மகள் ஒருநாள் வந்து, "கிளம்புப்பா, ஒரு இடத்துக்குப் போகணும்" என்றாள்.

"எங்க?"

"ஒரு கவுன்சிலர். மனசு விட்டுப் பேசலாம்."

"பைத்தியம்னு முடிவே பண்ணிட்டியா?"

"பைத்தியமா இருந்தா வீட்டுல வச்சுப் பூட்டியிருப்பேன். நல்லா இருக்கற ஆளுதான் இப்படி உக்காந்திருக்கே, அதான் பயமா இருக்கு. சட்டையை மாத்து. அது அழுக்கு."

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில், ஒரு சின்ன அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நடுவே மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர்க்கடிகாரம். கவுன்சிலர் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் நரையை மறைக்க முயற்சி செய்யவில்லை. முதல் நாள் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் முறை அவராகவே, "மேடம், இந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

"எப்படி?"

"உங்க பக்கத்துல. ரெண்டு பேரும் ஜன்னலைப் பாத்த மாதிரி. எனக்கு மூஞ்சியைப் பாத்துப் பேசி வழக்கமில்ல. பேசினதெல்லாம் ரோட்டைப் பாத்துத்தான்."

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து, தானே தன் நாற்காலியையும் இழுத்துப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டியும், கொடியில் காயும் துணிகளும் தெரிந்தன. மாஸ்டர் அந்தத் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டு, மனைவி எப்படிச் சிரிப்பாள் என்பதிலிருந்து ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அந்தம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. அன்று அவர் திருப்பவில்லை.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அந்தம்மா சொன்னவற்றில் சில பலித்தன, சில பலிக்கவில்லை. செடி வளர்க்கச் சொன்னார். மாஸ்டர் தொட்டி வாங்கி வைத்தார். செடி பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. "செடி செத்துப்போச்சு மேடம். அதுக்கும் நான்தான் காரணமான்னு அடுத்த தடவை பேசுவோம்" என்றார். அந்தம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல, சிரிங்க. யாராவது சிரிச்சா நல்லாத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர். அதன்பிறகு செடியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஆனால் கால் விஷயத்தில் அந்தம்மா விவரமாக இருந்தார். படுப்பதற்கு முன்னால் குதிகாலை எப்படி இறுக்கி எப்படித் தளர்த்துவது என்று காட்டினார். மகளின் காரில், அதுவும் வாசலில் எஞ்சின் அணைத்து நிற்கும்போது, பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்து பழகச் சொன்னார். பிறகு எஞ்சின் ஓட. பிறகு தெருக்கோடி வரை. மகள் ஓட்ட, மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். "கண்ணைத் தெறப்பா, நான் நல்லாத்தான் ஓட்டுறேன். நீ கத்துக்கொடுத்ததுதானே?" என்றாள் மகள். அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் அதிகமாக வியர்த்தது.

அதற்கடுத்த முறைதான் அவர் விஷயத்தைக் கக்கினார். பூனைக்கால், பஞ்சு அழுத்தல், இரண்டு பங்கு, அந்தச் சிரிப்பு எல்லாம். கடைசியில் சொன்னார்:

"அவசரத்துல அவளுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது மேடம். நான் கத்துக்கொடுக்கவே இல்ல. எல்லாம் நான் பிடிச்சது. அவளுக்குத் தெரியும்னு அவளை நம்பவச்சேன். நம்பிட்டா. என்னை நம்பி அந்த லாரிக்கு முன்னாடி போனா."

பிறகு அந்தம்மா ஒன்று கேட்டார். "அன்னைக்கு உங்க பக்கம் பெடல் இல்ல. சரி. கார் வேகம் குறையவே இல்லையா?"

அதை மாஸ்டர் யோசித்ததே இல்லை. அவருடைய நினைவில் அன்றைக்கு ஒரே ஒரு கால்தான் இருந்தது, அது அவருடைய கால்.

மறுநாள் பட்டறைக்குப் போனார். அவருக்குப் பெயர் வைத்த மெக்கானிக்தான் அன்று காரைக் கட்டி இழுத்துவந்தவர். மாஸ்டரைக் கண்டதும் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஸ்டூல் போட்டார்.

"அன்னைக்கு ரோட்டைப் பாத்தியா?"

"பாக்காம? நான்தானே முதல்ல போனேன்."

"தடம் இருந்துச்சா?"

மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "ஆஸ்பத்திரியில வந்து சொன்னேனே மாஸ்டர்? நீங்க கண்ணைத் தெறந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. அந்த ஈரத்துலயும் டயர் தேய்ஞ்ச தடம் நீளத்துக்கு இருந்துச்சு. முழுசா அமுக்கியிருக்காங்க. பெடல் தண்டே லேசா வளைஞ்சு போயிருந்துச்சு, அந்த அழுத்து. ஆம்பளை ஆளுங்க பாதிப் பேரு அப்படிப் பிடிக்க மாட்டாங்க. லாரி அவ்வளவு கிட்ட வந்துடுச்சு. யாரு பிடிச்சிருந்தாலும் வண்டி நின்னுருக்காது."

"அவளா பிடிச்சா?"

"வேற யாரு? உங்க பக்கம்தான் ஒண்ணும் இல்லையே."

மாஸ்டர் அந்த ஸ்டூலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று மெக்கானிக்குக்கும் தெரியாது. நடுவில் ஒரு டீ வந்தது, அது ஆறியது. எழுந்தபோது, "அவளுக்குத் தெரிஞ்சிருக்குடா" என்றார். அதை மட்டும்தான் சொன்னார்.

அதன்பிறகு அவருக்குத் தூக்கம் வந்தது. கால் உதறல் குறைந்து, ஒருநாள் இல்லாமலே போனது. மகள், "முகத்துல ஒரு தெளிவு வந்துருக்குப்பா" என்றாள். சொந்தக்காரர்கள் மகளிடம் அந்தக் கவுன்சிலரின் விலாசத்தை ரகசியமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அந்தம்மாகூடக் கொஞ்சம் அப்படி நினைத்திருக்கலாம். அடுத்த முறை மாஸ்டர் போனபோது அந்தம்மாவின் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

"நல்லாத் தூங்குறேன் மேடம்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"எனக்கு சந்தோஷம் இல்ல."

மாஸ்டர் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தபடியே பேசினார். குரல் உயரவில்லை, அது உயர்ந்திருந்தால் தேவலாம் போல இருந்தது.

"என் தப்புன்னு இருந்தவரைக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. நான் செஞ்சேன், அதனால நடந்துச்சு. ராத்திரி பூரா அதைப் புடிச்சுக்கிட்டாவது கெடந்தேன். இப்ப நீங்க அதைக் கழட்டிட்டீங்க. அவ சரியாப் பிடிச்சா. நான் ஒண்ணும் செய்யல. லாரிக்காரனுக்கு அவ யாருன்னே தெரியாது. அப்ப சும்மாவா? ஒண்ணுமில்லாததுக்கா போனா? காலையில எந்திரிக்கிறேன். நல்லா தூங்கி எந்திரிக்கிறேன். பல் தேய்க்கிறேன். எதுக்கு மேடம்? அந்த இடத்துல இப்ப எதை வைக்கிறது?"

"எனக்குத் தெரியல சார்."

"தெரியலன்னா? இத்தனை நாள் வந்தேனே."

"தூக்கம் வர என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். உங்க கால் ஏன் உதறுச்சுன்னு தெரியும். உங்க தலையில நீங்களே தூக்கி வச்சுக்கிட்டதுல எது நிஜம், எது இல்லன்னு கூட உக்காந்து பிரிச்சுப் பாக்கத் தெரியும். உங்களை மாதிரி இருக்கறவங்க இன்னொரு நாளைத் தாண்டறதுக்குத் துணையா இருக்கவும் தெரியும். ஆனா அவங்க ஏன் போனாங்க, நீங்க எதுக்கு இருக்கீங்க... அது என்கிட்ட இல்ல. நான் படிச்சதுல எதுலயும் இல்ல."

"நான் வேற மாதிரி நெனச்சேன்." மாஸ்டர் கசப்பாகச் சிரித்தார். "பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கீங்களே. உங்க காலுக்குக் கீழ ஏதாவது இருக்கும்னு நெனச்சேன்."

அந்தம்மா தன் செருப்பைப் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம் சார். எனக்குப் பழக்கமான வேலைதான் அது. ஒரு பதிலை நான் கொஞ்சம் கொஞ்சமா உங்க பக்கம் தள்ளி விடலாம். அவங்க நினைவா யாருக்காவது உதவி பண்ணுங்க, பேரப்பிள்ளைக்காக இருங்க, அப்படி ஏதாவது. நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும். 'பாத்தீங்களா, கண்டுபிடிச்சிட்டேன்'னு சொல்வீங்க. நானும் 'கண்டுபிடிச்சிட்டீங்களே'ம்பேன்." செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "செய்யவா?"

மாஸ்டர் திரும்பினார். அந்த அறைக்கு வர ஆரம்பித்ததிலிருந்து முதல்முறையாக அந்தம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார். அதில் கேலி இல்லை. களைப்புதான் இருந்தது.

"வேண்டாம்" என்றார்.

அன்று விடைபெறும்போது அந்தம்மா, "எப்ப வேணும்னாலும் வரலாம். பதில் இல்லாட்டியும் நாற்காலி இருக்கும்" என்றார். மாஸ்டர் தலையாட்டினார். அதற்குமேல் அவர் அடிக்கடி போகவில்லை. கோபத்தில் இல்லை. ஒருவரிடம் இல்லாததைத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வீட்டில் சும்மா இருப்பதும் வேலைக்குப் போவதும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்படியிருக்க முதலாளி ஃபோன் செய்தார். "தையல்கடைக்காரம்மா உசிரை வாங்குது மாஸ்டர். உங்ககிட்ட பாதியில விட்டதாம். வேற யாரும் வேண்டாமாம். வந்தா நீங்க, இல்லாட்டி கட்டின ஃபீஸைத் திருப்பிக் குடுங்கறாங்க. நீங்களே வந்துடுங்க, எனக்கு அது லாபம்."

மாஸ்டர் போனார். கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். கவுன்சிலர் அம்மா சொல்லிக்கொடுத்தபடி குதிகாலை இறுக்கி, தளர்த்தி, பெடலின் மேல் வைத்தார். அது பயப்படவில்லை. அந்த அளவுக்கு அந்த மாடி அறை வேலை செய்திருந்தது.

தையல்கடைக்காரம்மா குண்டானவர், உரத்த குரல்காரர். "வாங்க மாஸ்டர். நீங்க வர்றவரைக்கும் நான் ஸ்டியரிங்கைத் தொடலையே" என்று ஆரம்பித்தவர், அவருக்கு என்ன நேர்ந்தது என்பது நினைவுக்கு வர, நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு பேசாமல் கியரைப் போட்டார்.

முதல் தெருமுனையில் ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடினான். தையல்கடைக்காரம்மாவின் கால் பிரேக்கின் மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. மாஸ்டரின் கால் தானாக, பழைய பஞ்சு அழுத்தலாக, அழுத்தியது. கார் அழகாக நின்றது.

"பாத்தீங்களா மாஸ்டர்! இத்தனை நாள் ஆகியும் மறக்கல!"

நிறுத்திட்டீங்களே என்று சொல்ல வாயைத் திறந்தார் மாஸ்டர். வரவில்லை.

"நான் பிடிச்சேம்மா" என்றார்.

"என்னது?"

"பிரேக். நான் பிடிச்சேன். நீங்க காலை மேல வச்சிருந்தீங்க. அமுக்கல."

அந்தம்மா காரை ஓரம் கட்டினார், அதையும் அரைகுறையாகத்தான். "அப்ப முன்னாடியெல்லாம்?"

"பாதிக்கு மேல நான்."

"அடப்பாவி மனுஷா! எங்க வீட்டுக்காரர்கிட்ட எவ்வளவு பீத்தியிருக்கேன் தெரியுமா? அந்த ஆளு சும்மாவே சிரிப்பாரு." கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொல்றதுக்கென்ன உங்களுக்கு? நான் என்ன சின்னப் புள்ளையா?"

"தப்புதான்மா. இனிமே சொல்லிடறேன்."

இறங்கிப் போய்விடுவார் என்றுதான் மாஸ்டர் எதிர்பார்த்தார். போகவில்லை. மூக்கைச் சீந்திக்கொண்டு மறுபடி கியரைப் போட்டார். அன்று முழுக்க, அதற்கடுத்த வகுப்புகளிலும், ஒவ்வொரு முறை கார் நிற்கும்போதும் காருக்குள் ஒரே பேச்சு.

"இது?"

"நான்."

"இது?"

"இதுவும் நான்தான்."

"சே! இது?"

"கால்வாசி நீங்க."

"கால்வாசின்னா என்ன மாஸ்டர், காய்கறியா?"

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "பயந்து ஓடிடுவாங்க. பூனைக்கால்னு பேரு எடுத்துட்டு இப்ப என்ன புதுசா?" என்றார். இரண்டு பேர் வேறு மாஸ்டரிடம் மாறிப் போகவும் செய்தார்கள். மாஸ்டர் தன் புது முறையை மாற்றவில்லை. இதில் என்ன கிடைக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் எழுந்தால் அந்தக் கேள்வி முன்பு போலவே கட்டிலின் ஓரத்தில் இருந்தது. குளியலறையில் சோப்புப் பெட்டி இருந்தது. கடித்த பேனா கோட்டுப் பையில் இருந்தது.

அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்தது. மழை இல்லை. தையல்கடைக்காரம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. மாஸ்டரின் கால் கால்மிதியின் மேல் இருந்தது. அவர் அதை எடுப்பதற்குள், பக்கத்திலிருந்த வெறும் பெடல் தானாகக் கீழே போயிற்று. முழுசாக. கார் நின்றது. வேனுக்கும் காருக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோகலாம்.

"இது?" அந்தம்மாவின் குரல் நடுங்கியது.

மாஸ்டர் இறங்கியிருந்த அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்? இது யாரு?"

"நீங்க."

"நிஜமாவா? சும்மா சொல்லலையே?"

"என் கால் இங்க இருக்கும்மா. பாருங்க. முழுக்க நீங்கதான்."

அந்தம்மா ஆர்ப்பாட்டம் செய்வார் என்று பார்த்தால் செய்யவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையே ஒருமுறை பார்த்துக்கொண்டார், புது ஆளைப் பார்ப்பது போல. பிறகு பக்கவாட்டில் திரும்பியவர், "ஏன் மாஸ்டர் அழறீங்க? நல்லாத்தானே நிறுத்தினேன்?" என்றார்.

"நல்லா நிறுத்தினீங்க" என்றார் மாஸ்டர், வேனின் முதுகைப் பார்த்துக்கொண்டு. "ரொம்ப நல்லா நிறுத்தினீங்க." இத்தனை வருடத்தில் இதைச் சொல்லவேண்டிய ஒருத்தியிடம் ஒருமுறைகூட உண்மையாகச் சொன்னதில்லை. உண்மையாகச் சொல்லக்கூடிய நாள் வந்தபோது கேட்க அவள் இல்லை.

வகுப்பு முடிந்து தையல்கடை வாசலில் அந்தம்மா இறங்கிக்கொண்டார். வழக்கமாகப் பள்ளியிலிருந்து ஓர் ஆள் வந்து காரை எடுத்துப் போவான். மாஸ்டர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து போவார். அன்று அவன் லீவு. மாஸ்டர் கொஞ்ச நேரம் தெருவில் நின்றார். பிறகு சுற்றிவந்து, ஓட்டுபவரின் கதவைத் திறந்து, உட்கார்ந்தார். சீட்டைத் தன் உயரத்துக்குப் பின்னால் தள்ளினார். விபத்துக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கின் பின்னால் உட்காருவது அதுதான் முதல்முறை.

மெதுவாகத்தான் ஓட்டினார். சிக்னலில் சிவப்பு விழுந்தது. காலை அழுத்தினார். கண்ணோரத்தில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதன் கீழே, யார் காலும் மேலே இல்லாமல், அந்தப் பக்கத்துப் பிரேக் மெல்லக் கீழே இறங்கி நின்றிருந்தது. பஞ்சை அழுத்துவது போல.

கம்பிதான். அது அவருக்குத் தெரியாதா என்ன?

"நான்தான்" என்றார் வாய்விட்டு, காலியாக இருந்த சீட்டைப் பார்த்து. "இது நான்தான் பிடிச்சேன்."

பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. மாஸ்டர் காலை எடுத்தார். அந்தப் பக்கத்துப் பெடலும் மேலே வந்தது.